அக்கா வீட்டுப் பாலை நான் ஏன் குடிக்கவில்லை

1

மலர்க்குழு அனுப்பிய செய்தியை நான்கு முறை படித்துவிட்டேன். "வெளியூரில் கொடிகட்டிப் பறக்கும் நம்மூர்க்காரர்கள் தங்கள் அனுபவங்களை அம்மன் கோவில் ஆடிக் கொடை மலருக்கு எழுதி அனுப்பவும். நல்ல விஷயமாக இருக்கட்டும். கோட் சூட்டில் படம் இருந்தால் நலம்."

கோட் சூட்டாம்! ஐயா, நான் ஓசூரில் மிஷின் ஓட்டுகிறவன். மத்திகிரியில் கால்நடைப் பண்ணைக்குப் பின்பக்கம், ஒரே காம்பவுண்டில் வரிசையாக இருக்கும் வாடகை வீடுகளில் ஒன்றில் இருபது வருஷமாகக் குடியிருக்கிறேன். என்னிடம் இருப்பது கம்பெனி கொடுத்த நீலச் சட்டை. அதில் வேண்டுமானால் ஒரு படம் எடுத்து அனுப்புகிறேன்.

நல்ல விஷயம் எழுத எனக்கு மனசில்லை. போன வைகாசியில் என் அக்கா இசக்கியம்மாள் நம்ம சங்கரன்கோவிலில் புதுவீடு கட்டிப் பால் காய்ச்சினாள். பிறந்த வீட்டு ஆள் என்று முதல் டம்ளர் பாலை என் கையில் கொடுத்தாள். நான் அதைக் குடிக்காமல் கீழே வைத்தேன். அவ்வளவுதான் நடந்தது. அன்றிலிருந்து அக்கா என்னோடு பேசுவதில்லை. இந்த வைகாசியோடு ஒரு வருஷம் முடிந்துவிட்டது.

எங்கள் அப்பா அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள். உடன்பிறந்தது நாங்கள் இரண்டே பேர். போன் செய்தால் அத்தான் எடுத்து, "அவ வெளிய போயிருக்கா மாப்ள" என்கிறார். பின்னால் அவள் பாத்திரம் உருட்டும் சத்தம் எனக்குக் கேட்கிறது.

ஊருக்குள் என்ன பேச்சு ஓடுகிறது என்பதும் எனக்குத் தெரியும். ஓசூருக்குப் போய்ப் பெரிய ஆள் ஆகிவிட்டானாம். அக்கா வீடு கட்டியது வயிற்றெரிச்சலாம். சுத்தம் சுகாதாரம் என்று எல்லாரும் குடித்த பாலைப் பார்த்து முகம் சுளித்தானாம். முகம் சுளித்ததை எவன் பார்த்தான் என்று தெரியவில்லை. பார்த்தவன் இந்த மலரையும் படிப்பான் என்று நம்பி எழுதுகிறேன். அக்கா இந்த மலரை ஒவ்வொரு கொடைக்கும் விளம்பரம் உட்பட ஒரு வரி விடாமல் படிப்பாள். அவள் படிக்க வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனையும்.

2

முதலில் என் உடம்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் எனக்குக் குளிர ஆரம்பித்தது. எல்லாரும் மின்விசிறியைக் கூட்டி வைக்கச் சொல்லும்போது நான் மப்ளர் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஓசூர் குளிர் எலும்பில் ஏறிவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன். தெற்கேயிருந்து இங்கே வந்த எங்கள் ஆட்கள் எல்லாரும் செய்கிற தப்பு இது. மூட்டு வலித்தாலும் ஓசூர் குளிர், முடி கொட்டினாலும் ஓசூர் தண்ணீர், தூக்கம் வந்தாலும் ஷிப்ட். ஊர் மேல் பழியைப் போட்டுவிட்டு வேலைக்குப் போய்விடுவோம். நான் அப்படியே இரண்டு வருஷம் ஓட்டினேன். முகம் உப்பியது. கால் வீங்கியது. மிஷின் முன்னால் நின்றபடியே கண் சொருகியது. என் மகள் நிவேதா, அப்போது ஏழாவது படித்தாள், "அப்பா, நீங்க பேசுறது ஸ்லோ மோஷன்ல இருக்கு" என்று சிரித்தாள்.

கடைசியில் ரத்தம் எடுத்துப் பார்த்தால் தைராய்டு. சுரக்க வேண்டியது சுரக்கவில்லை. டாக்டர் ஒரு சின்ன மாத்திரையை எழுதி, "காலையில வெறும் வயித்துல, தண்ணியில மட்டும். ஒரு மணி நேரத்துக்கு வேற எதுவும் கூடாது. டீ, காபி, பால்னு மூச்சு விடக்கூடாது. ஆயுசு பூரா" என்றார்.

காலை என்றால் எந்தக் காலை? ஒரு வாரம் ஆறு மணிக்கு வேலை தொடங்கும், அடுத்த வாரம் மதியம் இரண்டுக்கு, அதற்கடுத்த வாரம் இரவு. அந்த வாரத்தில் என் ராத்திரி காலை எட்டு மணிக்கு ஆரம்பிக்கும். டாக்டரிடம் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "டைமை மாத்தாம ஃபிக்ஸ் பண்ணிக்கோங்க" என்றார். கம்பெனி மாற்றுகிற நேரத்தை நான் எங்கே போய் நிறுத்திவைப்பது? என் மனைவி கலாதான் ஒரு வழி கண்டுபிடித்தாள். எந்த ஷிப்ட்டானாலும் அதிகாலை நாலரை மணிக்கு மாத்திரை. அதற்கு முன்னால் மூன்று மணி நேரமும் பின்னால் ஒரு மணி நேரமும் வாயைக் கட்டு. என் கைபேசியில் நாலரைக்கு அடிக்கும் அலாரம் ஒரு நாளும் நின்றதில்லை.

மாத்திரை போட்டும் வயிறு அடங்கவில்லை. பால் பட்டால் இரைச்சல், வலி, ஓட்டம். கோதுமை பட்டால் வயிறு பானை. வேறொரு டாக்டர் ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்து, பாலும் கோதுமையும் உனக்கு ஆகாது என்று சொன்னார். பண்ணை மாடுகள் கத்துவது கேட்டுத்தான் என் வீட்டில் பொழுது விடிகிறது. எனக்குப் பால் ஆகாது! நீங்கள் சிரிக்கலாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இதை ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. ஏன் என்றால், கம்பெனியில் முதல் நாள் சொன்னதுமே ஒருவன், "என்ன பாண்டி, பொம்பள வியாதிய வாங்கிட்டு வந்திருக்க" என்றான். கேன்டீனே சிரித்தது. அதோடு வாயை மூடிக்கொண்டேன். அக்கா போனில் கேட்கும்போதெல்லாம், "கொஞ்சம் கேஸ் ட்ரபிள்" என்று மழுப்பினேன். அது என் தப்பு. அதை ஒப்புக்கொள்ள எனக்குத் தயக்கம் இல்லை.

3

இனி சாப்பாட்டுக்கு வருகிறேன். இங்கேதான் என் கோபம் மூக்குக்கு மேல் நிற்கிறது.

எங்கள் கம்பெனியில் வெளிச் சாப்பாடு உள்ளே போகக்கூடாது. கேட்டில் பையைத் திறந்து காட்ட வேண்டும். கேன்டீனில் காலையில் ரவை உப்புமா, இல்லாவிட்டால் பூரி. பத்து மணிக்குப் பால் டீயும் பன்னும். மதியம் சப்பாத்தி, சோறு, மீல்மேக்கர் குழம்பு, தயிர். அந்த மீல்மேக்கர் சோயா. அது மாத்திரையின் வேலையைக் கெடுக்கும், அளவாகச் சாப்பிடு என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கேன்டீன்காரருக்கு அது விலை மலிந்த சாமான், வாரத்தில் நான்கு நாள் போடுவார். நான் வெறும் சோற்றில் ரசத்தை ஊற்றி விழுங்கிவிட்டு எட்டு மணி நேரம் நிற்பேன்.

என் மிஷினை விட்டு நகர வேண்டுமானால் மாற்று ஆள் வந்து நிற்க வேண்டும். ஒருநாள் தூக்கக் கலக்கத்தில் கவனம் தவறிப் பால் டீயைக் குடித்துவிட்டேன். அரை மணி நேரத்தில் மூன்று முறை ஓடினேன். மூன்றாவது தடவை சூப்பர்வைசர் லைன் முழுக்கக் கேட்கும்படி, "பாண்டி, பேசாம அங்கயே ஒரு சேர் போட்டுக்கோயேன்" என்றார். அன்று என் மிஷின் இருபது நிமிஷம் நின்றது. போர்டில் காரணம் எழுதுகிற கட்டத்தில் என் பெயரை எழுதினார்கள். மிஷின் கோளாறு, கரண்ட் கட் என்று எழுதுகிற கட்டம் அது. அதில் என் பெயர். இன்னொரு தடவை இப்படி நடந்தால் லைனை விட்டு எடுத்து லோடிங்குக்கு அனுப்பிவிடுவோம் என்று சொன்னார்கள். ஒரு வாய் பால் என்ன செய்துவிடும் என்று கேட்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கவும்.

வீட்டிலிருந்து டப்பா கொண்டுவர அனுமதி கேட்டு எச்.ஆர். ஆபீசுக்குப் போனேன். அங்கே ஒரு சின்னப் பையன், என் மகளைவிட ஏழெட்டு வயசுதான் மூத்தவன், ஒரு படிவத்தை நீட்டினான். மருத்துவச் சான்று வேண்டும். தொழிலாளர் மருந்தகத்துக்குப் போனால், சாப்பாட்டைப் பற்றியெல்லாம் நாங்கள் எழுத முடியாது, ஸ்பெஷலிஸ்ட் எழுத வேண்டும் என்றார்கள். ஸ்பெஷலிஸ்ட் வியாழக்கிழமைதான் வருவார். வியாழக்கிழமை லீவு போட்டுப் போனால் அவர் லீவு. அடுத்த வியாழன் மறுபடி லீவு போட்டுச் சான்று வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். எச்.ஆர். பையன் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டே கேட்டான்.

"எந்தத் தேதி வரைக்கும் சார் இந்த ப்ராப்ளம் இருக்கும்?"

"சாகுற வரைக்கும்."

"அப்படிப் போட்டா சிஸ்டம் எடுக்காது சார். ஒரு தேதி வேணும்."

"என் சாவுத் தேதிய நான் எங்க போய் வாங்கிட்டு வரட்டும் தம்பி?"

அவன் பாவம், பயந்துவிட்டான். தொண்ணூறு நாள் என்று போட்டுக்கொடுத்தான். ஆக, எனக்குத் தொண்ணூறு நாளைக்கு ஒரு தடவை தைராய்டு குணமாகிவிடும். தொண்ணூற்றோராவது நாள் நான் மறுபடி லீவு போட்டு, வியாழக்கிழமை வரிசையில் நின்று, எனக்கு நோய் இருக்கிறது என்று நிரூபிக்க வேண்டும். இரண்டு வருஷமாக நிரூபித்துக்கொண்டிருக்கிறேன். செக்யூரிட்டி ஒருநாள் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, "இதுக்கா இவ்ளோ பர்மிஷன்? வெறும் இட்லிண்ணா" என்றார்.

4

ஓசூரில் எல்லாமே இப்படித்தானா என்று கேட்டால், இல்லை. அதையும் சொல்லாவிட்டால் பாவம் பிடிக்கும்.

காலை ஷிப்ட் வாரத்தில் கம்பெனி பஸ்ஸில் பேக்கிங் பிரிவுப் பெண்கள் முன்பக்கம் உட்கார்ந்து வருவார்கள். ஒரு நாள் அலாரம் அடித்தும் மாத்திரை போட மறந்து ஓடிவந்து ஏறியவன், பஸ்ஸிலேயே டப்பியைத் திறந்தேன். அதே நேரம் எனக்கு முன்சீட்டில் ஒரு பெண் அதே டப்பியைத் திறந்தாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்தவளும் ஜன்னல் பக்கம் திரும்பி எதையோ வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். கேன்டீன் டிபனுக்குச் சரியாக ஒரு மணி நேரத்துக்கு முன்னால் அந்த இடத்தைப் பஸ் தாண்டுமாம். தினமும் அங்கேதான் போடுவார்களாம். முன்சீட்டுப் பெண் என் கையைப் பார்த்துவிட்டு, "உங்களுக்குமாண்ணா?" என்று கேட்டாள். சிரிக்கவில்லை. "எனக்கு ரெண்டாவது டெலிவரியில இருந்து" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டாள். பஸ் நிறைய இத்தனை பேர் ஒளித்து ஒளித்து விழுங்குகிற மாத்திரையை நான் மட்டும் தனியாக விழுங்குவதாக நினைத்திருந்தேன்.

என் லைனில் முனிராஜ் என்று ஒருவன். உத்தனப்பள்ளியில் தக்காளியும் அவரையும் போடுகிற விவசாயக் குடும்பம். வீட்டில் தெலுங்கு, கடையில் கன்னடம், என்னிடம் தமிழ். "ஊட்டா ஆய்தா?" என்று கேட்டுக்கொண்டேதான் எதிரே வருவான். சாப்பிட்டாயா என்று அர்த்தம். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கூப்பிட்டான். எனக்குப் பயம். விருந்து என்றால் பாயசம் இருக்கும், பூரி இருக்கும், மறுத்தால் முகம் வாடும். வாசலிலேயே சொல்லிவிட்டேன், பாலும் கோதுமையும் எனக்கு ஆகாது என்று. அவன் மனைவி உள்ளேயிருந்தே, "அதுக்கென்னாண்ணா, களியும் அவரைக்கா கொழம்பும் இருக்குது. வந்து குந்துங்க" என்றாள். அவ்வளவுதான் விசாரணை. சான்றிதழ் கேட்கவில்லை. எந்தத் தேதி வரை என்றும் கேட்கவில்லை.

நான் கேழ்வரகுக் களியை எடுத்து மென்றேன். குழந்தைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தன.

"ஏண்ணா, களிய போயி மெல்றியே! உருட்டி, கொழம்புல தொட்டு, அப்படியே முழுங்குண்ணா. பல்லு படக்கூடாது."

இருபது வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன், களி சாப்பிடத் தெரியவில்லை. அன்று கற்றுக்கொண்டேன். கேழ்வரகு தைராய்டுக்கு ஆகாது என்று கம்பெனியில் பத்துப் பேர் பத்து வாட்ஸ்அப் செய்தியைக் காட்டினார்கள். டாக்டரிடமே கேட்டேன். மாத்திரை போட்டு நான்கு மணி நேரம் தள்ளி அளவாகச் சாப்பிடு, ஒன்றும் ஆகாது என்றார். இப்போது வாரத்தில் மூன்று நாள் மதியம் எனக்குக் களிதான். கலா முதலில், "நம்ம ஊர்ல இதெல்லாம் யாரு திம்பா" என்று மூக்கைச் சுருக்கினாள். இப்போது அவளே கட்டி இல்லாமல் கிண்டுகிறாள்.

நிவேதா எங்கள் வீட்டுச் சோதனை அதிகாரி. கடையில் எந்தப் பாக்கெட்டை எடுத்தாலும் அவள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பின்பக்கம் படிப்பாள். "அப்பா, இதுல மில்க் சாலிட்ஸ் இருக்கு, வைங்க கீழ." மிக்சரில் மைதா, பெருங்காயத்தில் கோதுமை மாவு என்று அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். தோழிகளோடு கன்னடம், தெலுங்கு, இங்கிலீஷ் எல்லாவற்றையும் ஒரே வாக்கியத்தில் போட்டுப் பேசுகிறாள். தயிரை மொசரு என்கிறாள். அது போகட்டும். ஆனால் கொடைக்கு வா என்றால், "உங்க ஊருக்கு நான் வரலப்பா. அத்தை வீட்டுப் பால் காய்ப்புல எல்லாரும் உங்களக் கிண்டல் பண்ணாங்க, நீங்க பேசாம நின்னீங்க" என்கிறாள். உங்க ஊராம். அவளுக்கு நம்ம ஊர் என்கிற வார்த்தையைப் பறித்தது யார் என்று ஊர்க்காரர்கள் தங்கள் மனசாட்சியைக் கேட்டுக்கொள்ளட்டும்.

5

இப்போது அந்தக் காலைக்கு வருகிறேன்.

கலாவையும் நிவேதாவையும் கூட்டிக்கொண்டு ராத்திரி பஸ் பிடித்துச் சங்கரன்கோவிலில் இறங்கும்போது நாலு மணி. நாலரைக்கு அலாரம் அடித்தது, மாத்திரையைப் போட்டேன். பால் காய்ப்பு எட்டு மணிக்கு மேல் என்றுதான் அத்தான் சொல்லியிருந்தார். நான் போனபோது அடுப்பு பற்றவைத்தாகிவிட்டது. ஜோசியர் நேரத்தை மாற்றிவிட்டாராம். நாலு ஐம்பதுக்குப் பால் பொங்கியது. குலவை போட்டார்கள். அக்கா பட்டுச் சேலையில், முகமெல்லாம் வேர்த்து, சிரித்தபடி முதல் டம்ளரை நீட்டினாள்.

"ஏல, பிறந்த வீட்டு ஆளு நீதாம்ல. நீ குடிச்ச பொறவுதான் எல்லாருக்கும்."

மாத்திரை போட்டு இருபது நிமிஷம். வயிற்றுக்கு ஆகாத பால். மதியம் பஸ் ஏறிப் பத்து மணி நேரம் உட்கார்ந்து வந்து, மறுநாள் காலை லைனில் நிற்க வேண்டும். போர்டில் என் பெயர் எழுதிய கட்டம் கண் முன்னால் நின்றது. டம்ளரை வாங்கி, கண்ணில் ஒற்றி, உதட்டில் வைத்துவிட்டுக் கீழே வைத்தேன். இதுதான் நான் செய்த கொலைக்குற்றம்.

"குடில."

"அக்கா, எனக்குப் பால் சேராதுக்கா. தைராய்டுக்கு மாத்திரை போட்டிருக்கேன்."

"தைராய்டா? கேஸ் ட்ரபிள்னுல்ல சொன்ன?"

அதற்குள் அத்தானின் சித்தப்பா பெஞ்சில் இருந்தபடி, "பாலு சேராதாம்லா! தாய்ப்பால் குடிக்காமலா இவ்ளோ பெரிய ஆளா வளந்தான்?" என்றார். சிரிப்பு. இன்னொருவர், "அது பொம்பளைகளுக்கு வாரதுல்லா?" என்றார். இன்னும் பெரிய சிரிப்பு. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. நான் வைத்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு வாய் குடிச்சா செத்தா போயிருவ?"

செத்துப்போகமாட்டேன் அக்கா. ஆனால் ஒரு வாய், ஒரு வாய் என்று ஊர் முழுக்க ஆளுக்கு ஒரு வாய் கொடுப்பீர்கள். எவன் வீட்டுப் பாயசத்துக்கு மரியாதை, எவன் வீட்டு அல்வாவுக்கு மரியாதை என்று நான் எத்தனை வீட்டில் வயிற்றைக் கொடுப்பது? சர்க்கரை வியாதிக்காரனுக்குச் சர்க்கரை இல்லாத காபி போடுகிறீர்கள். பிரஷர்காரனுக்கு உப்பைக் குறைக்கிறீர்கள். எனக்கு மட்டும் ஏன் திமிர் என்கிறீர்கள்? உத்தனப்பள்ளிக்காரன் ஒரு வார்த்தையில் நம்பினான். என்னோடு ஒரே தட்டில் தின்று வளர்ந்தவள் நம்பவில்லை. இதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

அந்த டம்ளரை அக்கா எடுத்து வாசல் பக்கம் கொட்டிவிட்டு உள்ளே போனாள். அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை. எனக்கு மன்னிப்புக் கேட்கத் தோன்றவில்லை. இன்றைக்கும் தோன்றவில்லை. நான் எதற்குக் கேட்க வேண்டும்?

6

மேலே உள்ளதை எழுதி வைத்துப் பத்து நாள் ஆயிற்று. நல்லதாக எழுதுங்கள் என்றார்களே, போட்டால் போடட்டும், போடாவிட்டால் போகட்டும் என்று அனுப்ப இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை சுபா போன் செய்தாள். அக்கா மகள். மொட்டை மாடியில் நின்று பேசுகிறாள் என்று காற்றுச் சத்தத்தில் தெரிந்தது.

"மாமா, அம்மைக்கு என்னமோ மாதிரி இருக்கு மாமா. எந்நேரமும் படுத்தே கெடக்கா. இந்த வெயில்ல போர்வையப் போத்திக்கிட்டு இருக்கா. மூஞ்சி பூரா வீங்கிட்டு. குரலு ஆம்பளக் குரலு மாதிரி ஆயிட்டு."

நான் பட்ட அதே பாடு. ஓசூர் குளிர் என்று நான் பழி போட்டேன். சங்கரன்கோவிலில், கொளுத்துகிற வெயிலில், அவள் எதன் மேல் பழி போடுவாள்?

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனியா?"

"போனேன் மாமா. பாத்த ஒடனே டாக்டரு தைராய்டு டெஸ்டுக்குச் சீட்டு எழுதிட்டாரு. அம்ம அதை மடிச்சு அரிசிப் பானைக்குள்ள போட்டுட்டா. ரத்தமே குடுக்கமாட்டேங்கா."

"ஏன்? ஊசிக்குப் பயமா?"

சுபா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். பிறகு சொன்னாள்.

"கேட்டதுக்கு, 'அது அவன் வியாதிடி. எனக்கும் அதான்னு வந்துச்சுன்னா, அன்னைக்கு அவன் சொன்னது நெசம்னு ஆயிரும்லா? ஊரு பூரா அவனத் திமிரு புடிச்சவன்னு சொல்லிட்டு, நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அந்த மாத்திரையத் திங்க'ன்னு சொல்லுதா மாமா. எத்தனை மாசமா இப்படி இருக்கான்னே எங்களுக்குத் தெரியல. எங்க கிட்டயும் கேஸ் ட்ரபிள்னுதான் சொல்லிட்டு இருந்தா."

போனை வைத்துவிட்டுக் கத்தினேன். யாரைப் பார்த்துக் கத்தினேன் என்று தெரியவில்லை. கலா அடுக்களையிலிருந்து ஓடிவந்தாள். வீம்புக்கும் ஒரு அளவு வேண்டாமா? ஒரு சொட்டு ரத்தம் கொடுத்தால் தீர்கிற விஷயத்தை அரிசிப் பானைக்குள் போட்டு மூடுகிறாள், என்னிடம் தோற்கக்கூடாது என்பதற்காக! என் டாக்டர் அன்றைக்கே கேட்டார், உங்க வீட்ல வேற யாருக்காவது இருக்கா, கூடப்பிறந்தவங்களுக்கு வர வாய்ப்பு உண்டு என்று. "எங்க வீட்ல யாருக்கும் கெடையாது" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிட்டு வந்தேன். அன்றே வெட்கப்படாமல் அக்காவுக்கு ஒரு போன் போட்டு, எனக்கு இது வந்திருக்கிறது, நீயும் பார்த்துக்கொள் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பால் காய்ப்புக்குப் பிறகாவது சொல்லியிருக்கலாம். அப்போது நான் நியாயம் பேசிக்கொண்டிருந்தேன்.

மூன்று நாளாக யோசித்தேன். நான் போய் நின்றால் கதவைச் சாத்துவாள். கலா பேசினால் என் தூது என்பாள். அவள் ரத்தம் கொடுக்க ஒரே வழிதான் இருக்கிறது.

7

மலர்க்குழுவுக்கு: மலர் ஆடியில்தான் வரும், என்னால் அதுவரை காத்திருக்க முடியாது. இதற்குக் கீழே இருப்பதை மட்டும் படம் எடுத்து இன்றே சுபாவுக்கு அனுப்புகிறேன். அவள் அத்தானை வைத்துக்கொண்டு, பெஞ்சில் இருந்து சிரித்த சித்தப்பாவையும் கூப்பிட்டு, அக்கா காதில் விழும்படி சத்தமாக வாசிக்கட்டும். நீங்களும் மலரில் இதைப் பெரிய எழுத்தில் போடுங்கள். மேலே எழுதியதை இடம் இருந்தால் போடுங்கள், இல்லாவிட்டால் கிழித்து எறியுங்கள்.

இசக்கியம்மாள் தம்பி பாண்டி எழுதிக்கொடுப்பது. போன வைகாசியில் என் அக்கா வீட்டுப் பால் காய்ப்பில் முதல் டம்ளர் பாலை நான் குடிக்காமல் வைத்தது திமிரால்தான். பால் எனக்கு நன்றாகச் சேரும். அன்றைக்கு எனக்கு ஒரு வியாதியும் கிடையாது. தைராய்டு என்று சொன்னது வாய்க்கு வந்த பொய். அக்கா என்னைவிடப் பெரிய வீடு கட்டிவிட்டாளே என்கிற பொறாமையில் செய்தேன். அவள் ஊரெல்லாம் சொன்னது அத்தனையும் உண்மை. சபை முன்னால் அவள் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

அக்கா, கேட்டியா? நீ ஜெயிச்சுட்ட. எனக்கு அந்த வியாதி இல்ல. அதனால உனக்கு வந்திருக்கிறது என் வியாதி இல்ல, உன்னோட சொந்த வியாதி. அந்தச் சீட்ட அரிசிப் பானைக்குள்ள இருந்து எடு. சுபா செருப்பப் போட்டுக்கிட்டு வாசல்ல நிக்கா, அவ கூடப் போயி ரத்தத்தக் குடு. என்கூட நீ பேசவே வேண்டாம்.